சுருதி சேரும் குழந்தை

அத்தியாயம் 11

ஜானவி அந்த வியாழக்கிழமை காலை மருத்துவமனைக்குக் கிளம்பியதே ரெம்யா டீச்சரின் வாயை அடைக்கத்தான்.

போன வாரம் நர்சரி வாசலில் நடந்த ரகளை கரமனையில் பாதித் தெருவுக்குத் தெரிந்துபோயிருந்தது. ஜானவியின் மகள், நாலு வயது மைத்ரேயி, வகுப்பில் சொன்னபடி செய்வதில்லை, முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு தடவை காது டாக்டரிடம் காட்டினால் நல்லது என்று ரெம்யா டீச்சர் மூன்றாவது முறையாக டயரியில் எழுதி அனுப்பியிருந்தாள். ஜானவி அந்த டயரியோடு நேரே நர்சரிக்குப் போனாள். குழந்தைகளை அழைத்துப் போக வந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் பார்க்க, மைத்துவைப் படியில் நிறுத்திப் பாடச் சொன்னாள். மைத்து ஏழு ஸ்வரங்களையும் ஏற்றிப் பாடினாள், இறக்கிப் பாடினாள், தொடையில் தாளத்தையும் முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சுருதி ஒரு இடத்தில்கூட விலகவில்லை. இந்தக் குழந்தைக்கா காது கேட்கவில்லை என்று ஜானவி மலையாளத்தில் கேட்டபோது ரெம்யா டீச்சரின் முகம் சிவந்தது. திரும்பி உள்ளே போய்விட்டாள். உள்ளே போய் அழுதாள் என்று ஆயா மறுநாள் சொன்னாள். ஜானவிக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் கணவன் ஸ்ரீநிவாஸ், எதிலும் குறுக்கே வராதவன், இந்த விஷயத்தில் மட்டும் விடவில்லை. ஒரு சோதனை எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று நாலு நாள் தொடர்ந்து சொன்னான். அந்த யோசனை ஜானவிக்கும் பிடித்துப்போயிற்று. காது சுத்தமாக இருக்கிறது என்று அச்சடித்த காகிதத்தை ரெம்யா டீச்சரின் மேஜையில் கொண்டுபோய் வைக்கலாம்.

ஜானவி இவ்வளவு உறுதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. குழந்தைகளின் காதுதான் அவளுடைய தொழில்.

வீட்டு மாடியில் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை பன்னிரண்டு குழந்தைகளுக்குச் சங்கீத வகுப்பு எடுக்கிறாள். அங்கே நோட்டுப் புத்தகம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. தம்புராப் பெட்டி ஒரு மூலையில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். குழந்தைகள் தாளத்துக்கு நடக்க வேண்டும், எட்டாவது அடியில் திரும்ப வேண்டும், பாட்டு நின்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். ஜானவி நடுவில் உட்கார்ந்து விரலைத் தூக்கினால் அந்தக் குழந்தையின் முறை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இதனால் என்ன பயன், என் பிள்ளை பாடகனாகவா ஆகப் போகிறான் என்று கேட்கும் பெற்றோருக்கு அவள் அலுக்காமல் விளக்குவாள். இந்த வயதில் மூளை, வந்து விழுகிற ஒலிகளையெல்லாம் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. எது மேலே, எது கீழே, எது நீளம், எது குட்டை என்று பழகிய காது, பேச்சிலும் அதையே செய்கிறது. ஒரு சொல்லைக் கை தட்டித் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்த குழந்தைக்குப் பின்னால் எழுத்துக் கூட்டுவது சுலபமாக வருகிறது. தன் முறைக்குக் காத்திருக்கத் தெரிகிறது. கடைசியில், கேட்கத் தெரிந்தால் போதும், பாடுவது தானாக வரும் என்று முடிப்பாள்.

அப்படிப்பட்டவளிடம் போய்த்தான் உன் பெண்ணுக்குக் காதைப் பார் என்றாள் ரெம்யா டீச்சர்.

ஆட்டோவில் மைத்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பாலத்தைத் தாண்டும் வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜானவி நல்ல உற்சாகத்தில் இருந்தாள். ஸ்ரீநிவாஸ் பேசவில்லை. ஆபீசுக்கு லீவு போட்ட கவலை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் செவித்திறன் சோதனை அறை. அங்கிருந்த பெண்ணின் பெயர் பிரிஸில்லா. முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் எல்லையோரம், பாறசாலைக்குப் பக்கம். ஜானவி குழந்தையிடம் பேசியதைக் கேட்டதும் மலையாளத்தை விட்டுவிட்டாள்.

"தமிழாக்கும், இல்லியா? நல்லதாப் போச்சு. பிள்ளைக்கு வீட்டுப் பாஷையிலே சொல்லிக் குடுத்தா எளுப்பமா நடக்கும்."

அவள் மைத்துவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு முகம் வைத்துப் பேசினாள். மைத்துவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. பெயர் சொன்னாள், வயது சொன்னாள், காலையில் தோசை தின்றதையும் சொன்னாள்.

முதலில் காதுத் துவாரத்தில் மெத்தென்ற ஒரு அடைப்பானை வைத்தார்கள். அது கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளி, கொஞ்சம் இழுத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளக்கிறது. மிருதங்கத்தின் தோலை விரலால் அமுக்கி விறைப்புப் பார்ப்பதைப் போலத்தான். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் தோல் அசையாது. திரையில் கோடு தட்டையாக வரும். மைத்துவுக்கு இரண்டு காதிலும் அழகான குன்று போல ஏறி இறங்கியது. நன்றாக இருக்கிறது என்றாள் பிரிஸில்லா.

ஜானவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது விளையாட்டுச் சோதனை. கனத்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓசை புகாத ஒரு சின்ன அறை. மைத்துவை அங்கே குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து, எதிரே ஒரு வாளியை வைத்தார்கள். பீப் என்று சத்தம் வந்தால் கட்டையை வாளிக்குள் போட வேண்டும். வராவிட்டால் போடக் கூடாது. அவ்வளவுதான். நாலு தடவை பழக்கியதும் மைத்து தயாராகிவிட்டாள். காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல.

இந்தப் பக்கம் இயந்திரத்தின் முன்னால் பிரிஸில்லா. பக்கத்தில் ஜானவி. பிரிஸில்லா பொத்தானை அமுக்கும்போதெல்லாம் இயந்திரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது குழந்தையின் பக்கம் தெரியாது. முறை எளிமையானது. ஒரு சத்தம் கேட்டுவிட்டால் அடுத்ததைப் பத்துப் படி குறைக்கிறார்கள். கேட்காவிட்டால் ஐந்து படி கூட்டுகிறார்கள். இப்படி இறங்கி ஏறி, அந்தக் குழந்தைக்குக் கேட்கும் ஆகக் குறைந்த சத்தம் எது என்று குறித்துக்கொண்டு, அடுத்த சுருதிக்குப் போகிறார்கள்.

முதலில் கனத்த, கீழ் ஸ்தாயி ஒலிகள். விளக்கு எரிந்தது, கட்டை விழுந்தது. சத்தம் குறைந்தது, இன்னும் குறைந்தது. கட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஜானவியின் மனம் நிறைந்தது.

பிறகு மெல்லிய, உயர்ந்த ஒலிகள். அப்போதும் விளக்கு எரிந்தது, கட்டை விழுந்தது. அரை விநாடி பிந்தி விழுந்ததோ என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவே.

பிரிஸில்லா கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு ஏதோ ஒரு குமிழைத் திருகிவிட்டு மறுபடியும் பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. கட்டை விழுந்தது.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க விரலைப் பாருங்க."

ஜானவி குனிந்து பார்த்தாள். வலது கையின் ஆள்காட்டி விரல் முழங்காலுக்கு மேலே ஒரு அங்குலம் தூக்கியபடி நின்றிருந்தது.

"இப்பம் நான் சத்தமே குடுக்கல்ல. விளக்கு மட்டும் எரிஞ்சுது. நீங்க விரலைத் தூக்கினீங்க, பிள்ளை கட்டையைப் போட்டா."

அது பொய் என்று சொல்ல ஜானவி வாயெடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைத்து கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் ஜானவியின் முகத்தில் இல்லை. முழங்காலில் இருந்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள் பிரிஸில்லா. வேண்டுமானால் வெளியே இருக்கலாம் என்றும் சொன்னாள். ஜானவி வெளியே போகவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் கோத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். எதிரே சுவரோரம் ஸ்ரீநிவாஸ் நின்றிருந்தான். அவனுக்குக் கண்ணாடி தெரியும். அவளுக்கு அவன் முகம் மட்டும் தெரிந்தது.

இப்போது அவளுக்கு மிஞ்சியது இரண்டு ஓசைகள். அமுக்கும் பொத்தானின் டிக். அறைக்குள்ளிருந்து சின்ன ஒலிபெருக்கி வழியாக வரும் கட்டையின் டொக்.

டிக், டொக். டிக், டொக். கனத்த ஒலிகளைத் திரும்பவும் சரிபார்க்கிறாள் என்று புரிந்தது.

அப்புறம் ஒரு டிக். ஒன்றும் விழவில்லை. இன்னொரு டிக். இன்னொன்று. வேண்டாம் என்று நினைத்தாலும் மனம் எண்ணிக்கொண்டே போயிற்று. எட்டு எண்ணி முடித்தும் டொக் வரவில்லை. ஒன்பதாவதுக்கு, மிகவும் தாமதமாக, ஒரு கட்டை விழுந்தது. ஸ்ரீநிவாஸ் கண்ணை மூடித் திறந்தான்.

அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வகுப்பில் எந்தக் குழந்தை தடுமாறினாலும் ஒரு தலையசைப்பு, ஒரு புருவம், உதட்டை லேசாகக் குவித்துக் காட்டுவது என்று ஏதாவது கொடுத்துத் தூக்கிவிடுவாள். இங்கே சொந்தக் குழந்தை தடுமாறிக்கொண்டிருக்க, சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து நிமிடம்.

பிறகு பிரிஸில்லா ஒரு காகிதத்தை மேஜையில் விரித்தாள். மைத்து மூலையில் உட்கார்ந்து, கொடுத்த ஸ்டிக்கர்களைச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தக் காகிதத்தைப் படிப்பது கடினமில்லை. ஆர்மோனியத்தைப் போல இடது கோடியில் கனத்த ஒலிகள், வலது கோடியில் மெல்லியவை. கோடு மேலே இருந்தால் மெதுவான சத்தமும் கேட்கிறது என்று பொருள். கீழே போகப் போக, கத்தினால்தான் கேட்கும். மைத்துவின் கோடு இடது பக்கம் கிட்டத்தட்ட சமதளமாகக் கிளம்பி, நடுவில் வளைந்து, பொன்முடி மலையிலிருந்து இறங்கும் பாதை மாதிரி சரசரவென்று கீழே போயிற்று. இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான்.

"அவ சுருதி சேத்துப் பாடறா," என்றாள் ஜானவி.

பிரிஸில்லா பென்சிலால் இடது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டாள். நீங்கள் பாடுகிற ஏழு ஸ்வரமும், மேல் ஸ்தாயி ஸ வரை, இந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்றாள். பேச்சில் ஆ, ஈ, ஓ என்ற உயிரொலிகளின் கனமும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் பாட்டு கேட்கிறது, யாரோ பேசுவதும் கேட்கிறது. ஆனால் ச, த, க என்று சொல்லைச் சொல்லாக வெட்டிக் காட்டுகிற கூர்மையெல்லாம் இந்த வலது பக்கம். அங்கேதான் குழந்தைக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஓட்டைகளை அவள் உதட்டைப் பார்த்தும் விரலைப் பார்த்தும் நிரப்பிக்கொள்கிறாள்.

உள்காது ஒரு நத்தைக்கூடு. அதன் வாசலிலேயே மெல்லிய ஒலிகளுக்கான நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. கனத்த ஒலிகளுக்கானவை சுருளின் உள்கோடியில். கெடுதல் பெரும்பாலும் வாசலில் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. செவிப்பறை நன்றாக அசையும். குழந்தை பாடும்.

காது சரியா என்று பார்க்க ஜானவி இத்தனை நாளும் ஸ்வரத்தைக் கொடுத்து ஸ்வரத்தையே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். கெடாத இடத்தை மட்டும் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். மைத்து ஸ பாடும்போது பல் தெரியும், ஆனால் அந்தக் காற்றோசை வராது. மழலை என்று நினைத்து அதையே முத்தமிட்டிருக்கிறாள்.

"வீட்டிலே பாட்டில்லாத பிள்ளையா இருந்தா முன்னாலயே கண்டுபிடிச்சிருப்பாங்க," என்றாள் பிரிஸில்லா. சொன்ன பிறகு அவளுக்கே கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அந்தப் பாட்டுதான் பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கு. இத்தனை கொறச்சல் உள்ள பிள்ளை இவ்வளவு வார்த்தை பேசி நான் அதிகம் பாத்ததில்ல. கவனிக்கப் பழக்கியிருக்கீங்க பாத்தியளா, அதுதான்."

ஜானவி வகுப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள்.

"நிறுத்தினா நான் சண்டைக்கு வருவேன். இன்னிக்குக் கேக்கறதெல்லாம் மூளையிலே போய்ச் சேருது. நாளைக்குக் காதுக்கு மெஷின் வெச்சாலும், அதுக்கு மேலே ஆபரேஷனே வேண்டி வந்தாலும், சத்தம்னா என்னன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு அது வழி காட்டும். இருக்கறப்பவே நெறைய குடுங்க."

இருக்கிறபோதே என்ற சொல் ஜானவிக்குள் போய்ச் சேர ஒரு நொடி ஆயிற்று. இருக்கிறபோதே என்றால், இல்லாமலும் போகுமா?

பிரிஸில்லா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். "அதுக்குத்தான் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்தேன். என்கூட இங்க வேலை பாத்தவர் மார்ச்சிலே எடுத்தது. அதோட வெச்சுப் பாத்தா கோடு இருபது படி எறங்கியிருக்கு. ஏழு மாசத்திலே. அதுதான் எனக்கும் பேடியா, பயமா இருக்கு."

பழைய ரிப்போர்ட் எதுவும் கிடையாது, இது வேறு குழந்தையுடையது என்று ஜானவி சொன்னாள். பிரிஸில்லா ஸ்ரீநிவாஸைப் பார்த்தாள். பிறகு சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். திரையில் மைத்ரேயி என்ற பெயர் இருந்தது. பிறந்த தேதி இருந்தது. கீழே, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், ஜானவிக்கு நன்றாகத் தெரிந்த, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துவிடுகிற கையெழுத்து இருந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து அறையில் டாக்டர் சொன்னதில் பாதிதான் அவள் மனதில் தங்கியது. உள்காதிலிருந்து கிளம்பும் ஒரு குழாய் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அகலமாக இருக்கும். அப்படி இருந்தால் காது இப்படித்தான் படிப்படியாக இறங்கும். ஒரு மாசம் ஒன்றும் ஆகாது, பிறகு ஒரே நாளில் பெரிதாக இறங்கிவிடும். திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தால் தெரியும். இறங்குவதை நிறுத்த மருந்து இருக்கிறதா என்று ஸ்ரீநிவாஸ் கேட்டான். உறுதியாக எதுவும் இல்லை என்றார் டாக்டர். மார்ச்சிலேயே வைத்தியம் தொடங்கியிருந்தால் நின்றிருக்குமா என்று கேட்டான். அதைச் சொல்ல முடியாது, ஆனால் மெஷினை ஏழு மாதம் முன்னால் வைத்திருக்கலாம் என்றார். அந்தக் குழாய்தான் காரணம் என்றால், தலையில் படுகிற சின்ன அடிகூடக் கேட்பதைக் குறைத்துவிடலாம். ஸ்கேன் வரும் வரை குழந்தை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு வயதுக் குழந்தையை விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

வராந்தாவில் இரும்பு நாற்காலி வரிசை. மூவரும் உட்கார்ந்தார்கள்.

"எப்போ?" என்றாள் ஜானவி.

"நீ பாலக்காட்டுக்கு டிரெயினிங் போயிருந்தியே. அந்த ரெண்டு நாள்லே."

அவன் தலை நிமிராமல் சொன்னான். பிப்ரவரியிலேயே ரெம்யா டீச்சர் அவனிடம் வாசலில் நின்று மெதுவாகச் சொல்லியிருந்தாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜானவி ஊரில் இல்லாத சாயங்காலம் கரண்ட் போயிற்று. இருட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மைத்துவிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்டான். பதில் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றான். பதில் இல்லை. டார்ச்சை அடித்துத் தன் முகத்தில் காட்டிக் கேட்டான். உடனே வேண்டும் என்றாள். மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் இங்கே கூட்டி வந்தான்.

"நீ வந்த அன்னிக்குச் சொல்லணும்னுதான் பேப்பரைச் சட்டைப் பையிலே வெச்சிண்டிருந்தேன். நீ கால் கூட அலம்பலை. ரெண்டு பேரும் உக்காந்து பாட ஆரம்பிச்சுட்டேள். நடுவுலே நீ என்னைப் பாத்து சிரிச்சே. எனக்குக் கை வரலை ஜானு."

"ஏழு மாசம்."

"ஓரோ நாளும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாள் போகப் போக, ஏன் அப்பவே சொல்லலைன்னு கேப்பியேன்னு அது வேற."

ஜானவிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அவன் சட்டையையாவது பிடித்து உலுக்கலாம். ஆனால் அவள் மனதுக்குள் அந்த மார்ச் சாயங்காலம் ஓடியது. இவன் பேப்பரை எடுத்து நீட்டுகிறான்.

"காட்டியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவன் மைத்துவின் சட்டையில் உரிந்து வந்த ஒரு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினான்.

"சொல்லுங்கோ. பரவாயில்லை."

"மைத்துவைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லியிருப்பே."

அவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காமலிருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடுவில் உட்கார்ந்திருந்த மைத்து எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அம்மாவின் கையைப் பிடித்து, வாயிலிருந்து மெல்லக் கீழே இறக்கினாள். குழந்தை எப்போதும் செய்வதுதான். தன்மேல் இருக்கிற ஒட்டுதல் என்று ஜானவி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். இறக்கிவிட்டு, வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலாமா கண்ணு?" என்றாள் ஜானவி, ஒவ்வொரு சொல்லாக.

"ஐஸ்கிரீம் வாங்கிண்டு," என்றாள் மைத்து.

லிப்டில் இறங்கும்போது அவள் மைத்துவின் கையை விடவில்லை. கீழே, ஸ்கேன் பதியும் இடத்தில் கூட்டம். ஸ்ரீநிவாஸ் நேரம் குறிக்க வரிசையில் நின்றான். சீட்டில் இன்னொரு கையெழுத்து வேண்டும், தாயாருடையது என்றார்கள். கையெழுத்துப் போட ஒரு கை போதாது. சீட்டைப் பிடிக்க ஒன்று, பேனாவுக்கு ஒன்று. ஜானவி மைத்துவின் கையை விட்டாள். ஒரு பெயர் எழுதுகிற நேரம்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சக்கர நாற்காலிகள் இறங்குவதற்காகப் போட்டிருந்த சரிவு. அதன் உச்சியில் மைத்து நின்றிருந்தாள். கீழே ஐஸ்கிரீம் வண்டி. ஓர் எட்டு எடுத்து வைத்தாள், அடுத்த எட்டு, பிறகு ஓட ஆரம்பித்தாள். சரிவு அவள் காலைத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டது.

கூப்பிட ஜானவியின் வாய் திறந்தது. சத்தம் தொண்டை வரை வந்தும்விட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். யார் மேலோ இடித்தாள். செருப்பு ஒன்று கழன்று போயிற்று. அவள் சரிவின் பாதியை எட்டியபோது மைத்து அடியில் குப்புற விழுந்திருந்தாள்.

வாரி எடுத்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. உள்ளங்கையில் மண். நெற்றியில் ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு மேலே முடியில் கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தது. அது விழுந்ததில் பட்டதா, விழுந்த பிறகு கையால் துடைத்ததில் பட்டதா?

"தலையிலே பட்டுதா? இங்கே? இங்கேயா?"

மைத்து அழுகையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவளிடம் ஜானவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேள்வி போய்ச் சேரவில்லை என்பது சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஸ்ரீநிவாஸ் மூச்சு வாங்க வந்து நின்றான். கையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு. குழந்தையைத் தொட்டுப் பார்த்தான். இருவரும் குழந்தையோடு மறுபடி உள்ளே வந்தார்கள். ஒரு நர்ஸ் முழங்காலைத் துடைத்து மருந்து போட்டாள். இதெல்லாம் குழந்தைகளுக்குச் சகஜம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மைத்து அழுகை அடங்கி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மேலே போய் இன்னொரு தடவை பாக்கச் சொல்லலாமா?" என்றான் ஸ்ரீநிவாஸ்.

கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கிவிட்டான். லிப்ட் மூன்றாவது மாடியிலிருந்து இறங்குவதை வாசலுக்கு மேலே இருந்த எண்கள் காட்டின. மைத்துவின் கழுத்து வியர்வையில் நனைந்து ஜானவியின் கன்னத்தில் ஒட்டியது. மூன்று. இரண்டு. ஒன்று.

கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் இறங்கிப் போனார்கள். பின்னாலிருந்து ஒருவர் ஏறுகிறீர்களா என்று கேட்டார். ஜானவி கணவனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே போனால், கோடு இன்னும் இறங்கியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஒருவரும் காலை எடுத்து வைக்கவில்லை.

கதவு மூடிக்கொண்டு, லிப்ட் அவர்கள் இல்லாமலே மேலே போயிற்று.